அச்சேறாத மூன்றாம் அத்தியாயம்

1903ஆம் ஆண்டு ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஒரு நூல் வெளிவந்தது. 'ஒரு நரம்பு நோயாளியின் நினைவுக் குறிப்புகள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். எழுதியவர் டானியல் பவுல் ஷ்ரேபர். சாக்சனி அரசின் உயர்நீதிமன்ற அமர்வு ஒன்றுக்குத் தலைமை நீதிபதியாக இருந்தவர். பின் ஒன்பதாண்டு காலம் மனநோய் விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தவர். உளவியல் வரலாற்றில் இவரது நூலைப் போல் இத்தனை பேரால் இத்தனை விதமாக வாசிக்கப்பட்ட நோயாளியின் எழுத்து வேறொன்று இல்லை எனலாம்.

அந்நூலின் மூன்றாம் அத்தியாயத்தைத் திறக்கும் வாசகருக்கு ஏமாற்றமே காத்திருக்கிறது. தன் குடும்பத்தார் சிலருக்கு நேர்ந்தவற்றைச் சொல்லப் போவதாக ஆசிரியர் தொடங்குகிறார். மறுகணமே, மீதிப் பகுதி வெளியிடத் தகாதது என நீக்கப்பட்டதாக ஒரு குறிப்பு. அத்தியாயம் அத்துடன் முடிந்துவிடுகிறது. நீக்கப்பட்ட பக்கங்கள் இன்றுவரை கிடைக்கவில்லை. கடுமையான மனநோயோடு வாழும் ஒருவரின் குழந்தைப் பருவம் பற்றி மருத்துவம் நெடுங்காலம் நடந்துகொண்ட விதத்துக்கு இந்த வெற்றிடத்தைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் பற்றி எழுத எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

*

பவுல் ஷ்ரேபரின் தந்தை மோரிட்ஸ் ஷ்ரேபர் (1808–1861) லைப்சிக் நகரில் எலும்பியல் மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தியவர். வீட்டுக்குள்ளேயே செய்யத்தக்க உடற்பயிற்சிகளைப் பற்றி 1855இல் அவர் எழுதிய நூல் பல பதிப்புகள் கண்டது. அவர் இறந்து சில ஆண்டுகளுக்குப் பின், அதே ஊரைச் சேர்ந்த பள்ளித் தலைவர் ஹவுஸ்சில்ட் தொடங்கிய சங்கம் ஒன்றுக்கு அவரது பெயரைச் சூட்டினார். சங்கத்தின் விளையாட்டுத் திடலை ஒட்டி உருவான சிறு தோட்டங்கள் அப்பெயரையே பெற்றன. இன்றும் ஜெர்மானிய நகரங்களின் ஓரங்களில் குடும்பங்கள் காய்கறியும் பூவும் பயிரிடும் துண்டு நிலங்களுக்கு 'ஷ்ரேபர் தோட்டம்' என்றுதான் பெயர். பச்சையும் வெயிலும் குழந்தைகளின் சிரிப்பும் அந்தப் பெயரோடு ஒட்டியிருக்கின்றன.

அந்தத் தோட்டக்காரரின் இன்னொரு முகம் 1858இல் அவர் வெளியிட்ட குழந்தை வளர்ப்பு நூலில் இருக்கிறது. குழந்தையை நேராக நிமிர்த்துவது அதன் மையக் கருத்து. உடல் நிமிர வேண்டும். உள்ளமும் நிமிர வேண்டும். இதற்காக அவர் கருவிகள் செய்தார். எழுதும்போது குழந்தை முன்னே குனியாதபடி மேசையில் பொருத்தி மார்பின் குறுக்கே அழுத்தும் இரும்புச் சட்டம். அதற்கு 'நேர்நிறுத்தி' என்று பெயர். தலை சாயாதபடி முடியோடும் ஆடையோடும் பிணைக்கும் தலைப்பட்டை. தாடையைப் பிடித்து நிறுத்தும் வார். உறக்கத்தில் புரளாமல் மல்லாந்தே கிடக்கக் கட்டும் பட்டை. இவற்றின் படங்களும் நூலில் உண்டு. தூய தொழில்நுட்பக் கோட்டோவியங்கள் அவை; படங்களில் உள்ள குழந்தைகளின் முகங்களில் எந்த உணர்ச்சியும் இல்லை.

உடலுக்கு இரும்பு என்றால் உள்ளத்துக்கு விதிகள். காரணமின்றிக் கைக்குழந்தை அழுதால் அதட்ட வேண்டும், கட்டிலைத் தட்ட வேண்டும், போதாவிட்டால் லேசாக அடிக்கவும் வேண்டும். ஓரிரு முறை செய்துவிட்டால் குழந்தை என்றென்றைக்கும் நம் ஆளுகைக்குள் வந்துவிடும், பிறகு ஒரு பார்வையே போதும் என்பது அவரது போதனை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தாதி உண்ண வேண்டும், குழந்தைக்கு ஒரு துண்டும் தரக்கூடாது. ஆசையை அடக்கும் கலை அப்படித்தான் கைவரும் என்கிறார். தம் வீட்டில் தடையை மீறிக் குழந்தைக்கு ஒரு பேரிக்காய்த் துண்டைக் கொடுத்த தாதியை உடனே வேலையிலிருந்து நீக்கியதாகவும், அச்செய்தி ஊர்த் தாதியரிடையே பரவிய பின் அப்படிப்பட்ட தொல்லையே இல்லை என்றும் நிறைவோடு எழுதுகிறார். பிள்ளைகளின் அறையில் ஒரு பலகை தொங்க வேண்டும். அவரவர் தவறுகள் அதில் குறிக்கப்பட வேண்டும். மாத முடிவில் கணக்குத் தீர்க்க வேண்டும்.

இதை வாசிக்கையில் அந்த மனிதரை அரக்கன் என்று எண்ணத் தோன்றும். அது அத்தனை எளிதல்ல. அவர் காலத்தில் இவை முற்போக்குக் கருத்துகள். நல்ல காற்று, தேகப் பயிற்சி, ஒழுங்கான உணவு ஆகியவற்றுக்காகவும் அவர் வாதாடினார். குழந்தைகளின் நலனே தம் நோக்கம் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. அந்த ஐயமின்மைதான் நம்மை அச்சுறுத்துகிறது.

*

அவருக்கு ஐந்து குழந்தைகள். மூத்த மகன் குஸ்டாவ் 1877இல், தமது 38ஆம் வயதில், துப்பாக்கியால் சுட்டுக்கொண்டு இறந்தார். இளைய மகன் பவுல் 1842இல் பிறந்தவர். சட்டம் படித்து நீதித்துறையில் படிப்படியாக உயர்ந்தார். 1884இல் ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று தோற்றார். அதைத் தொடர்ந்து முதன்முறை நோயுற்றார். லைப்சிக் பல்கலைக்கழக மனநோய் மருத்துவமனையில் பேராசிரியர் ஃப்ளெக்ஸிக்கிடம் சில மாதங்கள் இருந்து நலமடைந்து திரும்பினார். மனைவி சபீனாவுக்குக் கருவுற்ற குழந்தைகள் எதுவும் தங்கவில்லை. 1893இல் ட்ரெஸ்டன் உயர்நீதிமன்ற அமர்வின் தலைமைப் பதவி வந்தது. அமர்வில் இருந்த மற்ற நீதிபதிகளில் பலர் அவரைவிட மூத்தவர்கள். சில வாரங்களிலேயே உறக்கம் போயிற்று. சுவருக்குள் ஏதோ சடசடக்கும் ஒலி கேட்டது. ஆண்டு முடிவதற்குள் மறுபடியும் ஃப்ளெக்ஸிக்கிடம் போனார். 1894இல் பிர்னா நகருக்கு அருகிலுள்ள ஸோனன்ஸ்டைன் விடுதிக்கு மாற்றப்பட்டார். 1902 இறுதிவரை அங்கேயே இருந்தார்.

அங்கிருந்தபடி அவர் எழுதிய உலகம் விசித்திரமானது. கடவுள் கதிர்களால் ஆனவர். அக்கதிர்கள் தம் நரம்புகளோடு இணைந்து ஓயாமல் பேசுகின்றன. தம் உடல்மீது 'அற்புதங்கள்' நிகழ்த்தப்படுகின்றன. அவற்றுள் மிகக் கொடியது மார்பை அழுத்தும் அற்புதம். மூச்சே விடமுடியாதபடி நெஞ்சுக்கூடு நசுக்கப்படுகிறது. தலையை இறுக்கும் இயந்திரம் ஒன்றும் உண்டு. சின்னஞ்சிறு மனிதர்கள் திருகாணியைத் திருகித் தலையைக் குறுக்குகிறார்கள். மாறி மாறி வெப்பமும் குளிரும் உடலில் ஏற்றப்படுகின்றன. அமர்ந்தால் எழவேண்டும், படுத்தால் நிற்கவேண்டும் என்ற கட்டாயம். இவற்றோடு 'எழுதிவைக்கும் அமைப்பு' என்று ஒன்று: தம் ஒவ்வொரு எண்ணமும் எங்கோ குறிப்பேடுகளில் ஆண்டுக்கணக்காகப் பதிவாகிறது. ஒட்டுமொத்தமாகத் தமக்கு நேர்ந்ததை அவர் 'ஆன்மக் கொலை' என்றார். அதைச் செய்ததாக அவர் குற்றம் சாட்டியது மருத்துவர் ஃப்ளெக்ஸிக்கை. தந்தையை அல்ல.

இத்தனைக்கும் நடுவே அவரது சட்ட அறிவு மங்கவில்லை. தம்மைத் தன்னுரிமை அற்றவராக அறிவித்த ஆணையை எதிர்த்துத் தாமே வாதங்களை எழுதினார். 1902 ஜூலையில் ட்ரெஸ்டன் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. தாம் தலைமை வகித்த அதே நீதிமன்றம். அவரது நம்பிக்கைகள் பிரமை என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஆனால் பிரமை உடையவர் தம் வாழ்வை நடத்த இயலாதவர் என்று ஆகாது என்றது. மனநோயாளர் உரிமை வரலாற்றில் இது தனியே எழுதத்தக்கது. 1907இல் தாயின் மறைவு, மனைவியின் பக்கவாதம் ஆகியவற்றுக்குப் பின் மூன்றாம் முறை நோயுற்று, 1911இல் லைப்சிக்கை அடுத்த டோசன் விடுதியில் இறந்தார்.

*

அதே 1911இல் ஃப்ராய்ட் இந்நூலைப் பற்றிய தமது புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டார். ஷ்ரேபரை அவர் பார்த்ததே இல்லை. நூலை மட்டுமே வைத்துக்கொண்டு எழுதினார். கடவுளின் பின்னே தந்தை இருக்கிறார் என்பதை அவர் கண்டுகொண்டார். ஆனால் அந்தத் தந்தை அவருக்கு மதிப்புக்குரிய மருத்துவர். மகன் கடவுளாக உயர்த்திப் பார்ப்பதற்குத் தகுதியானவர். நோயின் வேர் மகனின் அடக்கப்பட்ட ஓரினக் காதல் விருப்பத்தில் உள்ளது என்பது அவரது முடிவு. தந்தை என்ன செய்தார் என்ற கேள்வி எழவில்லை.

அது ஏன் என்பதற்கு ஃப்ராய்டின் வரலாற்றிலேயே விடை உண்டு. 1896இல், தம் நோயாளிகளின் துன்பத்துக்கு வேர் குழந்தைப் பருவத்தில் அவர்கள்மீது நிகழ்ந்த பாலியல் வன்முறையே என்று அவர் வியன்னா மருத்துவர்கள் முன் அறிவித்தார். மறு ஆண்டே நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். புற உலகின் காயத்திலிருந்து அக உலகின் விருப்பத்துக்கு உளப்பகுப்பாய்வு திரும்பியது. 1932இல் அவரது அணுக்கச் சீடர் ஃபெரன்ஸி, பெரியவர்கள் குழந்தைகள்மீது இழைக்கும் வன்முறை மெய்யானது, அது நாம் நினைப்பதைவிடப் பரவலானது என்று ஒரு கட்டுரை படித்தபோது, குரு அதை விரும்பவில்லை.

ஷ்ரேபரின் தந்தை எழுதிய நூல்களை மகனின் நூலோடு அருகருகே வைத்து வாசிக்க 1950கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. செய்தவர் வில்லியம் நீடர்லாண்ட் என்ற மருத்துவர். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய யூதர். மார்பை அழுத்தும் அற்புதத்துக்கு நேராக நேர்நிறுத்தியை வைத்தார். தலை இறுக்கும் இயந்திரத்துக்கு நேராகத் தலைப்பட்டையை. வெப்பக் குளிர் அற்புதங்களுக்கு நேராகக் குழந்தைகளைக் குளிர்நீரால் பழக்கும் முறையை. 'பிரமை' என்று தள்ளப்பட்டதன் அடியில் உண்மையின் ஒரு கரு இருக்கிறது என்றார். இதே நீடர்லாண்ட்தான் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர்தப்பியவர்களின் உளக் காயங்களை ஆராய்ந்து 'தப்பிப் பிழைத்தோர் நோய்க்குறி' என்று பெயரிட்டவர். நிகழ்ந்த கொடுமை மனத்துக்குள் என்னவாகும் என்று நாள்தோறும் கேட்டுக்கொண்டிருந்தவரின் கண்ணுக்குத்தான் ஷ்ரேபரின் இரும்புச் சட்டம் தென்பட்டது.

1973இல் மார்டன் ஷாட்ஸ்மன் 'ஆன்மக் கொலை' என்ற தலைப்பிலேயே நூல் எழுதினார். எழுதிவைக்கும் அமைப்புக்கும் பிள்ளைகள் அறையின் கரும்பலகைக்கும் உள்ள ஒப்புமையை அவர் சுட்டினார். 1977இல் கதரீனா ருட்ச்கி அக்காலக் குழந்தை வளர்ப்பு நூல்களைத் தொகுத்து 'கறுப்புக் கல்வியியல்' என்று பெயரிட்டார். 1980இல் ஆலிஸ் மில்லர் அதைப் பரவலான வாசகரிடம் கொண்டுசென்றார்.

*

கதை இங்கே முடிந்தால் எளிமையாக இருக்கும்: கொடிய தந்தை, நோயுற்ற மகன். வரலாறு அப்படி முடியவில்லை.

ஹான் இஸ்ரேல்ஸ் என்ற நெதர்லாந்து ஆய்வாளர் ஷ்ரேபர் குடும்பத்தின் வழித்தோன்றல்களைத் தேடிச் சென்று ஆவணங்களைத் திரட்டினார். குடும்ப நினைவில் இருந்த தந்தை கண்டிப்பானவர், அன்பானவரும்கூட. அந்தக் கருவிகள் பவுல்மீது எத்தனை காலம், எந்த அளவுக்குப் பயன்பட்டன என்பதற்கு நேரடிச் சான்று இல்லை. ஸ்வி லோதன் 1992இல் எழுதிய நூலில், ஷ்ரேபரின் துன்பத்துக்கு விடுதி வாழ்வும் மருத்துவர்களும் எவ்வளவு காரணம் என்று வினவினார். இன்னொரு தடையும் உண்டு. ஒரு தலைமுறையே அந்நூல்களைப் படித்து வளர்க்கப்பட்டது, அனைவரும் நோயுறவில்லை. அதே வீட்டில் வளர்ந்த மூத்த சகோதரி அன்னா நூறு வயதைக் கடந்து வாழ்ந்தார்.

இந்தத் தயக்கத்துக்கு இன்னொரு நியாயமும் இருக்கிறது. 1948இல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன், மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றொரு சொல்லைப் புழக்கத்தில் விட்டார். அடுத்த முப்பது ஆண்டுகளில் எத்தனையோ தாய்மார்கள், பிள்ளையின் நோயோடு அந்தப் பழியையும் சுமந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் எக்குற்றமும் அறியாதவர்கள். மனச்சிதைவில் மரபின் பங்கு பெரிது என்பது பின்னர் உறுதியாயிற்று. ஆனால் மரபணு முற்றிலும் ஒன்றான இரட்டையரில்கூட, ஒருவருக்கு நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்கும் குறைவான நேர்வுகளில்தான். மீதிக்கு வாழ்க்கை பொறுப்பாகிறது. குடும்பத்தைப் பழித்த தவற்றுக்குப் பரிகாரமாக மருத்துவம் குழந்தைப் பருவத்தையே கேட்காமல் விட்டது. ஒரு பிழையைத் திருத்த இன்னொரு பிழை.

எண்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. 1998இல் கலிஃபோர்னியாவில் ஃபெலிட்டியும் அண்டாவும் நடத்திய பெரும் ஆய்வு, குழந்தைப் பருவத் துயரங்களின் எண்ணிக்கை கூடக்கூட வளர்ந்தபின் வரும் உடல்நோய், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி, குடி ஆகியவையும் படிப்படியாகக் கூடுவதைக் காட்டியது. 2012இல் வரேஸே முதலியோர் 36 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், அத்தகைய துயரம் உற்றவர்களிடம் மனமுறிவு நோய்க்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.8 மடங்கு என்று தெரிந்தது. இது விதியன்று, சாய்வு மட்டுமே. துயருற்றவரில் பெரும்பாலோர்க்கு இந்நோய் வருவதில்லை. நோயுற்ற பலருக்கு அத்தகைய பால்யம் இருந்ததும் இல்லை.

ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்களிடம் அந்தப் பழைய காயம் செய்யும் வேலை வேறு. மனச்சிதைவு அல்லது கடும் மனநிலைக் கோளாறு உள்ள பெரியவர்களிடையே நிகழ்ந்த ஆய்வுகளில், பால்யத் துயரம் மிகுந்தவர்களே தற்கொலை எண்ணத்திலும் போதைப் பழக்கத்திலும் வீடற்ற நிலையிலும் அதிகம் சிக்கியிருந்தார்கள். ஒரே நோய்ப்பெயர், இருவேறு வாழ்க்கை. இவ்வளவு தெரிந்தும் கேட்கப்படுகிறதா? 1998இல் அமெரிக்காவில் மியூசர் முதலியோர் கடும் மனநோயுள்ள 275 பேரை ஆராய்ந்தனர். அவர்களில் 43 விழுக்காட்டினருக்குப் பேரதிர்ச்சியின் பின்விளைவான உளநோயும் சேர்ந்து இருந்தது. அவர்களது மருத்துவக் கோப்புகளில் அது குறிக்கப்பட்டிருந்தது 2 விழுக்காட்டினருக்கு மட்டுமே.

கோப்பில் இல்லாத அந்த 41 விழுக்காடுதான் ஷ்ரேபரின் மூன்றாம் அத்தியாயம்.

கேட்டால் நோய் முற்றிவிடும் என்ற அச்சம் மருத்துவர்களிடையே நெடுநாள் இருந்தது. 2015இல் நெதர்லாந்தில் மனமுறிவு நோயுள்ள 155 பேரிடம் நடந்த ஆய்வு அந்த அச்சத்தைப் பெருமளவு தணித்தது. பழைய அதிர்ச்சியை நேரே எடுத்துப் பேசும் சிகிச்சை, எட்டே அமர்வுகளில், தீங்கின்றிப் பலன் தந்தது.

*

சொந்தக் காரணத்தைச் சொல்வதாகக் கூறியிருந்தேன். என் தாய்மாமன் ஒருவர் இருபத்திரண்டாம் வயதில் நோயுற்று, அறுபத்தோராம் வயதுவரை எங்கள் வீட்டுத் திண்ணையறையில் வாழ்ந்தார். யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருப்பதாகச் சொல்வார். ஒன்று, இரண்டு என்று எண்ணும் அந்தக் குரல் நின்றால்தான் உட்காருவார். அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லும் பொறுப்பு பதினைந்தாண்டுகள் எனக்கு இருந்தது. உறக்கம், பசி, மாத்திரை ஆகியவை கேட்கப்படும். குடும்பப் பின்னணி என்ற இடத்தில் குறிப்பிடத்தக்கது ஏதுமில்லை என்று எழுதப்பட்டிருந்தது. அப்படிச் சொன்னவனும் நான்தான்.

என் தாத்தா பள்ளி ஆசிரியர். ஊரே கையெடுத்துக் கும்பிட்ட மனிதர். 'அடியாத மாடு படியாது' என்பது அவர் வாயில் அடிக்கடி வரும் பழமொழி. பிள்ளைகளை முழங்காலிட வைத்து ஆயிரம்வரை எண்ணச் சொல்வாராம். தப்பினால் மறுபடி ஒன்றிலிருந்து. இதை என் அம்மா சிரித்துக்கொண்டே எங்களுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறார். அதே வீட்டில் வளர்ந்து, அதே எண்ணிக்கையை எண்ணி, அம்மா நலமாகவே வாழ்ந்தார். ஆகவே எனக்கும் அவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. நீடர்லாண்டின் கட்டுரையைப் படித்த இரவில்தான் தோன்றியது. மாமா இறந்து அப்போது இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

தாத்தாதான் மாமாவை நோயாளியாக்கினார் என்று நான் எழுத மாட்டேன். அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஷ்ரேபரின் வரலாறு அத்தகைய அவசரத்துக்கு எதிரான பாடமும்கூட. ஆனால் அந்தக் குரல் ஏன் எண்ணியது என்று முப்பத்தொன்பது ஆண்டுகளில் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நோய் தீர்ந்திருக்காது. தன் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு என்று நம்புகிற ஒருவர் பக்கத்தில் இருந்திருப்பார்.

ஷ்ரேபர் எட்டாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த ஸோனன்ஸ்டைன் விடுதி, 1940 ஜூன் முதல் 1941 ஆகஸ்ட் வரை நாஜிகளின் கொலைக்கூடமாக இருந்தது. மனநோயாளரும் ஊனமுற்றோருமாக 13,720 பேர் அங்கே நச்சுவாயுவால் கொல்லப்பட்டார்கள். அவர்கள் எழுதிய நினைவுக் குறிப்புகள் எவையும் அச்சேறவில்லை. ஒருவரேனும் எழுதியதும், அதில் ஒரு அத்தியாயம் குறைந்தாலும் மற்றவை நமக்குக் கிடைத்ததும், வரலாற்றில் அரிதாக வாய்த்த பேறு. குறைந்த அத்தியாயத்தை இனி எவராலும் மீட்க முடியாது. நம் வீடுகளில் இன்னும் உயிரோடிருப்பவர்களின் அத்தியாயங்களை மட்டும் கேட்கலாம்.